சிலேட்டு சிறுத்தால் கூட்டம் நெருக்கும்: அமெரிக்கக் கால்பந்து ஃபேன்டஸி போட்டிகளின் கணக்கு

உதகை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த குதிரைப் பந்தயத் திடலைக் கோடை சீசன்தோறும் வேலிக்கு வெளியே நின்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு கணக்கு யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருக்கும். டோட் எனப்படும் பந்தயக் கவுன்ட்டரில் கட்டப்படும் பணமெல்லாம் ஒரே தொகையாகச் சேர்கிறது. கிளப்பின் பங்கும் வரியும் போக மிஞ்சியதை, வென்ற குதிரையின் மேல் கட்டியவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். ஓடுவது ஐந்தே குதிரைகள், அவற்றில் ஒன்று ஊரறிந்த ஃபேவரிட் என்றால், அது வென்ற பிறகும் கட்டியவர் கைக்கு வருவது போட்ட காசும் அதற்கு மேல் ஒரு டீயும் வடையும்தான். அவர் குதிரையைச் சரியாகத்தான் கணித்தார். ஆனால் அதே கணிப்பை அன்று வரிசையில் நின்ற பாதிப் பேரும் செய்திருந்தார்கள். குத்தகை நிலுவை தொடர்பான நீண்ட வழக்குக்குப் பின் 2024-இல் அரசு அந்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டதால், டோட் கவுன்ட்டர் இனி அங்கே இல்லை. கணக்கு மட்டும் வேறிடத்தில் உயிரோடு இருக்கிறது. நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி போட்டு, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறும் போட்டிகளை ஃபேன்டஸி என்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்தை வைத்து நடத்தப்படும் தினசரி ஃபேன்டஸி போட்டிகளில், குறிப்பாக இரண்டு அல்லது மூன்று ஆட்டங்களை மட்டும் கொண்டு நடத்தப்படும் சிறு போட்டிகளில், வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதே டோட் கணக்குதான் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குன்னூரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி எழுத நேர்ந்ததற்குக் காரணம் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் என் தங்கை மகன். வீரர்களைப் பற்றி அவனுக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லை. பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கைப் பற்றி அவன் ஒவ்வொரு நவம்பரிலும் கேட்கும் கேள்வி வேறு மாதிரியானது: "மாமா, இருக்கிறதே நாலு குவார்ட்டர்பேக். யாரை எடுத்தாலும் கூடவே ஆயிரம் பேர் வராங்க. அப்புறம் நான் எப்படி ஜெயிக்கிறது?" சிறு போட்டியின் சிக்கல் முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

ட்ரீம்11-இல் அணி போட்டுப் பழகியவர்களுக்கு விளையாட்டின் அடிப்படை புதிதாக இராது. 2012-இல் பாஸ்டனில் தொடங்கப்பட்ட டிராஃப்ட்கிங்ஸ் தளத்தில், பங்கேற்பவருக்கு 50,000 டாலர் கற்பனைச் சம்பளத் தொகை தரப்படுகிறது. ஒவ்வொரு வீரருக்கும் தளம் வைத்த சம்பளம் அதற்குள் அடங்கும்படி, ஒரு குவார்ட்டர்பேக், பந்தைச் சுமந்து ஓடும் இரண்டு ரன்னிங் பேக், வீசிய பந்தைப் பிடிக்கும் மூன்று வைட் ரிசீவர், தடுக்கவும் பிடிக்கவும் செய்யும் ஒரு டைட் எண்ட், ஒரு ஃப்ளெக்ஸ், ஓர் அணியின் தற்காப்புப் பிரிவு என ஒன்பது இடங்களை நிரப்ப வேண்டும். ஃப்ளெக்ஸ் என்பது ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் ஆகிய மூவகையினரில் யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளக்கூடிய இடம். பந்தை வீசுபவர் குவார்ட்டர்பேக். அவர் வீசி முன்னேறும் ஒவ்வொரு 25 யார்டுக்கும் ஒரு புள்ளி, பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்க்கும் டச்டவுனுக்கு 4 புள்ளி. வீசிய பந்தைப் பிடிப்பவருக்குப் பிடித்ததற்கே ஒரு புள்ளி, ஒவ்வொரு 10 யார்டுக்கும் ஒரு புள்ளி, டச்டவுனுக்கு 6 புள்ளி. பந்தைச் சுமந்துகொண்டு ஓடுபவருக்கும் 10 யார்டுக்கு ஒன்று, டச்டவுனுக்கு ஆறு. வீச்சில் 300 யார்டையோ, ஓட்டத்திலோ பிடிப்பிலோ 100 யார்டையோ எட்டினால் 3 புள்ளி கூடுதல். 2009-இல் எடின்பரோவில் தொடங்கப்பட்ட ஃபேன்டூயலில் தொகை 60,000, பிடிப்புக்கு அரைப் புள்ளி என்பன போன்ற வேறுபாடுகள் உண்டு. கணக்கின் போக்கு ஒன்றே என்பதால் இங்கே டிராஃப்ட்கிங்ஸ் விதிகளையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு போட்டிக்குள் எந்தெந்த ஆட்டங்கள் சேர்க்கப்படுகின்றனவோ அந்தத் தொகுப்பை ஸ்லேட் என்கிறார்கள். நம் ஊர்ச் சிலேட்டுதான். ஊரே எடுத்திருக்கும் வீரரை அவர்கள் சாக் என்று அழைப்பதும் பந்தயத் திடலிலிருந்து போன சொல்லே. புக்கிகள் கரும்பலகையில் விலை எழுதிய காலத்தில் ஃபேவரிட் குதிரையின் விலையைத்தான் திரும்பத் திரும்ப அழித்துச் சாக்கட்டியால் எழுத வேண்டியிருந்ததாம். சிலேட்டும் சாக்கட்டியும் இப்படிக் கடல் தாண்டிச் சேர்ந்துகொண்டது எனக்குப் பிடித்த தற்செயல்.

ஞாயிற்றுக்கிழமை முதன்மைச் சிலேட்டில் பத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் இருப்பது வழக்கம். பதின்மூன்று ஆட்டங்கள் என்று வைத்துக்கொண்டால் 26 அணிகள், 26 குவார்ட்டர்பேக்குகள், 26 தற்காப்புப் பிரிவுகள். நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றி தெரிவிக்கும் நாளில் மூன்று ஆட்டங்கள்தான். அன்று டெட்ராய்ட் 1934 முதலும் டல்லஸ் 1966 முதலும், சில ஆண்டுகள் நீங்கலாக, தத்தம் ஊரில் ஆடிவருகின்றன. 2006 முதல் இரவு ஆட்டம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 2024 கிறிஸ்துமஸ் அன்று இரண்டே ஆட்டங்கள். இரண்டு ஆட்டச் சிலேட்டில் நான்கு குவார்ட்டர்பேக்குகளுக்கு மேல் இல்லை. பத்தாயிரம் அணிகள் கலந்துகொண்டால், சராசரியாகவே ஒவ்வொருவரையும் 2,500 பேர் எடுத்திருப்பார்கள். நான்கில் ஒருவர் தெளிவாகச் சிறந்தவர் என்றால் அவரிடம் நான்காயிரம், ஐந்தாயிரம் பேர் குவிவார்கள். பெரிய சிலேட்டில் யாரும் கவனிக்காத நல்ல வீரர் ஒருவரைக் கண்டுபிடிப்பது திறமையின் அடையாளம். சிறு சிலேட்டில் கவனிக்கப்படாத நல்ல வீரர் என்று ஒருவரே கிடையாது. நான்கு அணிகளின் வீரர் பட்டியலை ஒருவர் அரை மணி நேரத்தில் மனப்பாடமே செய்துவிடலாம். தகவலில் யாருக்கும் மேல்கை இல்லாத இடத்தில், மற்றவர்கள் அதே தகவலை வைத்து என்ன செய்யப்போகிறார்கள் என்பதை ஊகிப்பதொன்றே மிச்சம்.

இதைச் சொன்னதும் பலர் உடனே எதிர்ப்பக்கம் ஓடிவிடுகிறார்கள்: ஊர் எடுப்பவரை எடுக்கக் கூடாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு என்பது என் கருத்து. ஒரு வீரரை எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள் என்ற தேர்வு விகிதம் தனியாக நின்று எதையும் சொல்வதில்லை. வெல்லப்போகும் அணியில் அவர் இருப்பதற்கான வாய்ப்போடு அதை ஒப்பிட்டால்தான் பொருள் கிடைக்கும். 60 சதவீதம் பேர் எடுத்திருக்கும் ரன்னிங் பேக் ஒருவர் வெற்றி அணியில் இருப்பதற்கான வாய்ப்பு 75 சதவீதம் என்று நீங்கள் மதிப்பிட்டால், கூட்டத்தோடு சேர்ந்து அவரை எடுப்பதே சரி. கூட்டம் அவரைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறது. அந்த வாய்ப்பு 45 சதவீதம்தான் என்றால், அவரை விட்டுவிடுவது நல்லது. அவர் சறுக்கும் நாளில் பத்தாயிரம் பேரில் ஆறாயிரம் பேர் ஒரே அடியில் பின்தங்க, மீதி நாலாயிரம் பேரோடுதான் உங்களுக்குப் போட்டி. சிலேட்டு சிறுக்கச் சிறுக்க இந்த இரண்டு எண்களும் சேர்ந்தே ஏறுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். பதின்மூன்று ஆட்டங்களில் ஒரு நட்சத்திர வீரரை மிஞ்ச இருபது பேர் காத்திருப்பார்கள். இரண்டு ஆட்டங்களில் அவரை மிஞ்சக்கூடியவர் இருவரோ மூவரோதான், ஆகவே அவர் வெற்றி அணியில் இடம்பெறும் வாய்ப்பும் இயல்பாகவே கூடுகிறது. போட்டி பூட்டப்பட்ட பிறகே உண்மையான தேர்வு விகிதத்தைத் தளம் காட்டும் என்பதால், முன்கூட்டியே செய்யும் எந்த ஊகமும் ஊகம்தான். ஆயினும், விலை குறைந்த ஆனால் அன்று அதிகப் பந்து கிடைக்கப்போகும் வீரரிடம் கூட்டம் குவியும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை.

கூட்டத்தின் பாரம் முழுதாகத் தெரிவது ஒரே ஆட்டத்தை வைத்து நடத்தும் போட்டியில். ஷோடவுன் என்று அழைக்கப்படும் அந்த வகையில் ஆறு பேர் மட்டுமே. ஒருவர் கேப்டன், அவருக்குப் புள்ளியும் ஒன்றரை மடங்கு, சம்பளமும் ஒன்றரை மடங்கு. உதாரணமாக, பத்தாயிரம் அணிகள் உள்ள போட்டியில் உங்கள் கேப்டனை அந்த இடத்தில் 20 சதவீதம் பேரும், மற்ற ஐவரை முறையே 60, 55, 50, 40, 30 சதவீதம் பேரும் வைத்திருப்பதாகக் கொள்வோம். இந்த ஆறையும் பெருக்கினால் 0.00396 வரும், பத்தாயிரத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 40. அதாவது, உங்கள் அணியை அச்சு மாறாமல் நாற்பது பேர் போட்டிருப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். ஒருவரை எடுத்தவர் இன்னொருவரையும் எடுக்கும் பழக்கமும் சம்பள வரம்பும் குறுக்கிடுவதால் உண்மை எண் கூடவோ குறையவோ செய்யலாம். அளவின் தரம் தெரிந்தால் போதும். அந்த அணி முதலிடம் பிடித்தால், முதல் நாற்பது இடங்களுக்கான பரிசுகளைக் கூட்டி நாற்பதால் வகுத்துத் தருவார்கள். பரிசுத் தொகையின் பெரும்பகுதி மேலே உள்ள இரண்டு மூன்று இடங்களில் குவிந்திருக்கும் போட்டியில் இதன் பொருள் என்னவென்று டோட் கவுன்ட்டரில் நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆறு பேரில் 30 சதவீத வீரரை எடுத்துவிட்டு 3 சதவீத வீரர் ஒருவரை வைத்தால், நாற்பது நாலாகிறது. ஆனால் அந்த வீரர் சற்றுக் குறைந்த தரத்தவர், அணி முதலிடம் பெறும் வாய்ப்பும் குறையும். எவ்வளவு குறைந்தால் தாங்கும்? முதற்பரிசை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால், வெல்லும் வாய்ப்பு 1 சதவீதமாகவும் பங்காளிகள் 40 பேராகவும் உள்ள அணியைவிட, வாய்ப்பு 0.3 சதவீதமாகவும் பங்காளிகள் 4 பேராகவும் உள்ள அணி மூன்று மடங்கு மதிப்புடையது. வெல்லும் வாய்ப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இழந்தும் லாபம் என்பது முதலில் நம்ப முடியாததாகத்தான் தோன்றும். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். ஆறு பேரையும் அரிதானவர்களாகப் போடுவதில் இந்த லாபம் கிடைக்காது. பங்காளிகள் ஒருவரோ இருவரோ என்றாகிவிட்ட பிறகு மேலும் விலகிப்போவதால் பிரிவினை குறையாது, வாய்ப்பு மட்டும் குறையும். ஓர் இடத்தில் விலகினால் போதும், சில நாள்களில் இரண்டு இடங்கள்.

வீரரை மாற்றாமலே பங்காளிகளைக் குறைக்க இன்னொரு வழி உண்டு, அதை ஏனோ புதியவர்கள் மனம் ஏற்பதில்லை. கற்பனைச் சம்பளத்தில் கொஞ்சத்தைச் செலவழிக்காமல் மிச்சம் வைப்பதே அது. ஐம்பதாயிரத்தையும் கடைசி டாலர் வரை செலவழிக்கும் அணிகளையே பெரும்பாலான மனிதர்களும் கணினி நிரல்களும் உருவாக்குகின்றன. பெரிய சிலேட்டில் மிச்சம் வைப்பது வீண். ஆறு இடம் மட்டுமுள்ள போட்டியில், ஆயிரமோ இரண்டாயிரமோ மிச்சம் வைத்த அணி பல சமயம் தன்னந்தனியாக நிற்கும். கையில் கொடுத்த காசை மிச்சம் பிடிப்பது நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் கைவந்த கலையாயிற்றே என்று மருமகனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

இதே பெருக்கலை நம் கால்பந்துக்குப் போட்டுப் பார்த்தால் வேறு வகையான உண்மை தெரியும். களமிறங்கும் 22 பேரில் 11 பேரைத் தேர்ந்தெடுக்க 7,05,432 வழிகள். கேப்டனையும் துணைக் கேப்டனையும் சேர்த்தால் 7,75,97,520. கேட்பதற்குப் பெரிய கடல். ஆனால் இன்ன இடத்துக்கு இத்தனை பேர் என்ற விதியும், கிரெடிட் வரம்பும், கோல் அடிப்பவரையே கேப்டனாக்கும் நம் பொதுப் புத்தியும் சேர்ந்து அந்தக் கடலைக் குட்டையாக்கிவிடும். கூடலூர்ப் பக்கம் இரவு முழுவதும் கால்பந்து பார்க்கும் இளைஞர்கள் போட்ட அணிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, கேப்டன் பெயர் மாறுவது எவ்வளவு அபூர்வம் என்பது தெரியும்.

அடுத்தது, வீரர்களுக்கிடையிலான உறவு. அமெரிக்கக் கால்பந்தில் ஒருவர் புள்ளி எடுப்பது இன்னொருவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். குவார்ட்டர்பேக் வீசிய டச்டவுனுக்கு அவருக்கு 4, பிடித்தவருக்கு 6. இருவரும் உங்கள் அணியில் இருந்தால் ஒரே நிகழ்ச்சிக்குப் பத்துப் புள்ளிக்கு மேல். 2024 கிறிஸ்துமஸ் அன்று பிட்ஸ்பர்க்கில் நடந்த முதல் ஆட்டத்தில் கான்சஸ் சிட்டி 29-10 என்று வென்றது. அதன் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் 320 யார்டும் மூன்று டச்டவுனும் வீசினார். வீச்சுக் கணக்கில் மட்டும் அது 27.8 புள்ளி. அவரிடமிருந்து டைட் எண்ட் டிராவிஸ் கெல்சி 13 பந்துகளைப் பிடித்து 84 யார்டும் ஒரு டச்டவுனும் சேர்த்தார்; அது 27.4. ஒன்பது பேரில் இருவரிடமிருந்து மட்டும் 55 புள்ளி. நான்கு டைட் எண்டுகளே முக்கியமாக உள்ள சிலேட்டில் அப்படிப்பட்ட ஒருவரைத் தவறவிட்டவர் அன்றிரவு திரும்பி எழுந்திருக்க முடியாது. பெரிய சிலேட்டில் வேறொரு டைட் எண்ட் வந்து அந்தக் குழியை மூடியிருப்பார்.

அன்றைய இரண்டாம் ஆட்டம்தான் அதிகம் கற்றுத்தருவது. ஓர் அணியின் குவார்ட்டர்பேக்கையும் ரிசீவரையும் எடுத்தால், எதிரணியிலிருந்தும் ஒரு ரிசீவரை எடுங்கள் என்பது இத்துறையில் ஏறக்குறைய வேதவாக்கு. பின்தங்கிய அணி வேறு வழியின்றி வீசிக்கொண்டே இருக்கும், ஆகவே அதன் ரிசீவருக்கும் புள்ளி வரும் என்பது அதற்கான காரணம். ஹூஸ்டனில் பால்டிமோர் 31-2 என்று வென்றது. ஹூஸ்டன் பின்தங்கியது, வீசவும் செய்தது, ஆனால் அதன் தாக்குதல் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அந்த இரண்டு புள்ளியும், பந்து வைத்திருந்தவரை அவரது சொந்தக் கோல் பகுதிக்குள்ளேயே வீழ்த்தித் தற்காப்பு எடுத்த சேஃப்டி. பால்டிமோரின் ரன்னிங் பேக் டெரிக் ஹென்றி 147 யார்டும் ஒரு டச்டவுனும் ஓடி, ஓட்டத்திலேயே 23.7 புள்ளி சேர்த்தார். குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் தானே 48 யார்டு ஓடி ஒரு டச்டவுன் எடுத்தார். ஹென்றியையும் பால்டிமோர் தற்காப்பையும் சேர்த்து எடுத்து, ஹூஸ்டன் ரிசீவர்களை ஒதுக்கியவரின் அணிக்குள் ஒரு கதை இருந்தது: ஒரு பக்கம் முன்னேறி, பந்தைத் தரையிலேயே ஓட்டி நேரத்தைக் கடத்தும், மறுபக்கம் அவசரத்தில் வீசித் திணறும். வேதவாக்கைக் கேட்டு ஹூஸ்டன் ஆளைச் சேர்த்தவரின் அணியில் இருந்தது வேறு கதை, அது அன்று நடக்கவில்லை. எதிரணி ஆளைச் சேர்ப்பது தவறென்று இதிலிருந்து சொல்ல முடியாது. அது ஆட்டம் எப்படிப் போகும் என்பதைப் பற்றிய ஓர் ஊகம் என்பதை உணராமல், சடங்காகச் செய்வதுதான் தவறு. சிறு சிலேட்டில் நான்கைந்து கதைகளே சாத்தியம். அவற்றில் ஒன்றை முழுதாக நம்பி ஒன்பது பேரையும் அதற்கேற்ப அடுக்கிய அணி, ஆளுக்கொரு கதையிலிருந்து ஒருவர் என்று பொறுக்கி எடுத்த அணியைவிட அடிக்கடி தோற்கும், ஆனால் வெல்லும்போது உச்சியில் நிற்கும்.

ஷோடவுனில் கேப்டனைத் தேர்ந்தெடுப்பதும் கதையைச் சார்ந்ததே. குவார்ட்டர்பேக் தன் பந்துகளை ஐந்தாறு பேருக்குப் பங்கிட்டால், யாருக்கும் பெரும்புள்ளி சேராது, கேப்டன் பட்டம் அவருக்கே பொருந்தும். ஒரே ரிசீவரையே நாடினால், டச்டவுனுக்கு ஆறும் பிடிப்புக்கு ஒன்றும் வாங்கும் அந்த ரிசீவர் அவரைத் தாண்டிவிடுவார். வழக்கமாகத் தவிர்க்கப்படும் சேர்க்கைகளுக்கும் சிறு சிலேட்டில் கொஞ்சம் இடமுண்டு. தன் ரிசீவருக்கு எதிரான தற்காப்பைப் பெரிய சிலேட்டில் யாரும் எடுக்கமாட்டார்கள். நான்கே தற்காப்புகள் உள்ள நாளில், சம்பளம் இடம் கொடுத்தால் எடுக்கலாம், கூட்டம் அதற்கு அஞ்சுவதே அதன் மதிப்பு.

வானிலையைப் பற்றி நீலகிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மூடுபனி இறங்கினால் எதிர்முனைக் கோல்போஸ்ட்டே தெரியாத ஆட்டங்களை நாம் பார்த்தவர்கள். அங்கே மழையைவிடக் காற்றுதான் வீச்சாளருக்கு எதிரி. டெட்ராய்ட் அரங்கமும் டல்லஸ் அரங்கமும் கூரை உள்ளவை என்பதால் நன்றி தெரிவிக்கும் நாளின் முதல் இரண்டு ஆட்டங்களுக்கு இந்தக் கவலை இல்லை, மூன்றாவதற்கு மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் உச்சியில் சிலருக்கு மட்டும் பெரும்பரிசு தரும் போட்டிகளுக்கு. கலந்துகொள்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரட்டிப்புத் தரும் போட்டியில் கூட்டத்திலிருந்து விலகுவதால் பயனில்லை. கூட்டத்தோடு சேர்ந்து நிற்பதே பாதுகாப்பு. ஆனால் சிறு சிலேட்டில் அவ்வகைப் போட்டியையே நான் பரிந்துரைக்கமாட்டேன். இருவர் தலா பத்து டாலர் கட்டி, வென்றவர் பதினெட்டு டாலர் பெறும் போட்டியில், நட்டமில்லாமல் தப்பிக்கவே நூற்றுக்கு 55.6 முறை வெல்ல வேண்டும். இருவர் அணியிலும் ஒன்பதில் ஏழு பேர் பொதுவாக இருக்கும்போது மிச்ச இரண்டு பேரை வைத்து அத்தனை மேல்கையைக் காட்டுவது யாருக்கும் கடினம். ஆட்டம் நாணயச் சுண்டலுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, நிறுவனத்தின் தரகு மட்டும் நிச்சயமாக இருக்கிறது. பெரிய போட்டிகள் சிலவற்றில் ஒருவரே 150 அணிகள் வரை போடலாம் என்பதும் நினைவிருக்கட்டும். சாத்தியக் கதைகள் குறைவாக உள்ள நாளில் 150 அணிகளைக் கொண்டு ஒருவர் எல்லாக் கதைகளையும் வளைத்துவிடலாம்; ஓரணி மட்டும் போடுபவர் ஆளுக்கு ஓரணி என்ற வரம்புள்ள போட்டியில் சேர்வதே நியாயம்.

இங்கே இருப்பவர்கள் பணம் கட்டி ஆடும் பேச்சுக்கே இன்று இடமில்லை என்பதையும், அதற்கும் உதகைத் திடலுக்கும் உள்ள தொடர்பையும் சொல்லிவிட வேண்டும். சென்னை ரேஸ் கிளப்பை அரசு எடுத்துக்கொள்ள 1986-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தை எதிர்த்த வழக்கில், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. உதகைப் பந்தயத்தையும் நடத்திய அதே கிளப்பின் வழக்கில் பிறந்த அந்த வாதத்தைப் பின்பற்றித்தான், 2017-இல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் ஃபேன்டஸி போட்டியும் திறமை ஆட்டமே என்றது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் போட்டிகளை நடத்துவதை முழுவதும் தடைசெய்தது. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. அமெரிக்காவில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஃபேன்டஸி போட்டிகளுக்கு விலக்கு அளித்தபோது, ஒரே அணியின் ஆட்டத்தை மட்டும் வைத்து முடிவு அமையக் கூடாது என்றது. ஷோடவுனில் இரு அணியிலிருந்தும் குறைந்தது ஒருவராவது இருக்க வேண்டும் என்ற விதி அதனோடு பொருந்துகிறது. குன்னூரில் நாங்கள் நான்கைந்து பேர் மருமகன் அனுப்பும் சம்பளப் பட்டியலை வைத்துக் காகிதத்தில் அணி போட்டு, புள்ளியை மட்டும் கூட்டிக்கொள்கிறோம்.

கடைசியாக, மூன்று ஆட்டங்கள் வெவ்வேறு நேரத்தில் தொடங்கும் சிலேட்டுக்கே உரிய ஒரு வசதி. டிராஃப்ட்கிங்ஸில் ஒவ்வொரு வீரரும் அவருடைய ஆட்டம் தொடங்கும்போதுதான் பூட்டப்படுகிறார், அதுவரை மாற்றிக்கொள்ளலாம். 2024 நன்றி தெரிவிக்கும் நாளின் ஆட்டங்கள் கிழக்கு அமெரிக்க நேரப்படி பகல் 12:30, மாலை 4:30, இரவு 8:20 என்று தொடங்கின; நமக்கு இரவு 11 மணி, விடியற்காலை 3 மணி, காலை 6:50. ஆகவே அணி போடும்போதே முதல் ஆட்டக்காரர்களை ரன்னிங் பேக், ரிசீவர் என்ற குறிப்பிட்ட இடங்களில் அமர்த்திவிட்டு, கடைசி ஆட்டக்காரர் ஒருவரை ஃப்ளெக்ஸில் வைக்க வேண்டும். கடைசி நேரத்தில் அவர் ஆடவில்லை என்று தெரிந்தால், அந்த இடத்துக்கு மூவகை வீரர்களில் யாரையும் கொண்டுவரலாம். அவரை ரன்னிங் பேக் இடத்தில் வைத்திருந்தால் இன்னொரு ரன்னிங் பேக்கைத்தான் தேட வேண்டும், மூன்றாம் ஆட்டத்தில் அப்படி ஒருவர் மிச்சமிருப்பதே கடினம்.

ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரத்துக்கு முன் ஆடாதவர்களின் பெயர்கள் அறிவிக்கப்படும். மூன்றாம் ஆட்டத்துக்கு அது அங்கே மாலை 6:50, இங்கே காலை 5:20. அதற்குள் முதல் ஆட்டம் முடிந்து, இரண்டாவதும் பாதிக்கு மேல் கடந்திருக்கும்; யார் யாரை எடுத்திருக்கிறார்கள் என்பதும் பெருமளவு வெளிப்பட்டிருக்கும். முன்னணியில் உள்ளவர், தனக்குப் பின்னால் வருபவர்கள் பெரும்பாலும் யாரை மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்று ஊகித்து அதே வீரரை வைத்துக்கொண்டால், அவர்கள் எட்டிப்பிடிக்கும் வழி அடைபடும். பின்தங்கியவருக்கு அதே வீரரை வைத்திருப்பதால் எந்தப் பயனும் இல்லை. அவர் எவ்வளவு புள்ளி எடுத்தாலும் இடைவெளி அப்படியேதான் இருக்கும். சற்றே தரம் குறைந்தவரானாலும், முன்னால் நிற்பவர்களிடம் இல்லாத ஒருவரைத்தான் அவர் கொண்டுவர வேண்டும். போன வருடம் அந்த நேரத்தில் மருமகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: "மாமா, நான் 4,300-வது இடத்துல இருக்கேன், மாத்தட்டுமா?" நாலாயிரத்து முந்நூறாவது இடத்தில் இருப்பவர் மாற்றுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று பதில் எழுதிவிட்டு, என் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். நானும் அதே ஆளைத்தான் ஃப்ளெக்ஸில் வைத்திருந்தேன்.